காலி பெஞ்சுக்கு ஆள் தேவை

இந்தக் கதையைச் சொல்லாமல் இத்தனை வாரம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்ததற்கு யாராவது எனக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். இந்தப் பேப்பரில் வெயிலைப் பற்றி எழுதினேன். கரண்ட் கட்டைப் பற்றி எழுதினேன். மொபைல் சார்ஜர் தொலைந்ததைப் பற்றிக்கூட ஒரு முழுப் பத்தி எழுதினேன். நீங்களும் பொறுமையாகப் படித்தீர்கள்... எல்லாம் இதை அடக்கி வைக்கத்தான்!

"நான் சொல்ற வரைக்கும் எழுதக் கூடாது. எழுதுன, ஊரே வேடிக்கை பாக்க வந்துரும்" என்று என் தங்கை செல்வராணி கண்டிஷன் போட்டிருந்தாள். நேற்று போன் வந்தது. "இப்ப எழுதிக்கக்கா."

போனை வைத்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் சாம்பார் தீய்ந்தது. தீயட்டும்!

செல்வராணி என் சித்தி மகள். ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் தக்காளி, மிளகாய், அவரை என்று வெள்ளாமை. காயை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்ப் பேரம் பேசுவது அவள். வண்டி ஓட்டிவிட்டுப் பேசாமல் நிற்பது அவள் கணவர் முத்தையா. ஒரே மகள் கௌசல்யா. கௌசி என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். இந்த வருடம் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தாள். நல்ல மார்க்.

மே மாதம், அவளுக்கு வாழ்த்துச் சொல்லலாம் என்று திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறிப் போனேன். வீட்டு வாசலில் ஒரு காரும் இரண்டு பைக்கும் நின்றன. செருப்புகளுக்குப் பதிலாகப் பளபளவென்று ஷூக்கள்.

எனக்குப் பகீரென்றது. என்ன நடந்தது? பெண் பார்க்க வந்துவிட்டார்களா?

உள்ளே எட்டிப் பார்த்தேன். மூன்று பிளாஸ்டிக் சேரில் மூன்று ஆண்கள். மூவரும் முழுக்கைச் சட்டை, மூவரும் டை. அக்னி நட்சத்திர வெயிலில்! மூவர் மடியிலும் வழவழ காகிதத்தில் புத்தகம். ஒவ்வொன்றின் அட்டையிலும் ஒரு பெரிய கட்டடம், அதன் முன்னால் பட்டமளிப்புத் தொப்பியை வானத்தில் வீசும் பிள்ளைகள்.

"யாருடி இவங்க?" என்று செல்வராணியிடம் கிசுகிசுத்தேன்.

"காலேஜ் வாத்தியாருங்கக்கா. மூணும் வேற வேற காலேஜு. கௌசிய அவங்க காலேஜுல சேக்கச் சொல்லி வந்துருக்காங்க. ஒருத்தரு போவாருன்னு ஒருத்தரு உக்காந்துருக்காரு. ஒருத்தரும் போக மாட்டேங்குறாரு."

நம் காலத்தில் எப்படி? கல்லூரியைத் தேடி நாம் போவோம். அப்ளிகேஷன் வாங்கக் கியூவில் நிற்போம். இப்போது பேராசிரியர்கள் பைக்கில் ஊர் ஊராக வருகிறார்கள். எந்த வீட்டில் பிளஸ் டூ படித்த பிள்ளை இருக்கிறது என்று டீக்கடையில் விசாரித்துவிட்டு! ஊருக்கு வெளியே தோட்டத்துக்கு நடுவே எழும்பி நிற்கும் கல்லூரிகளில் பலவற்றில் பாதி பெஞ்சு காலி. காலி பெஞ்சு சம்பளம் தருமா?

முத்தையா எங்கே என்று பார்த்தேன். தோட்டத்தில் மிளகாய்ச் செடிக்கு நடுவே குனிந்து உட்கார்ந்திருந்தார். டை கட்டியவர் யார் என்ன கேட்டாலும் அவர் வாயில் 'சரி' என்று வந்துவிடுமாம். அப்படித்தான் வீட்டில் நாலு இன்சூரன்ஸ் பாலிசி சேர்ந்திருக்கிறது. அதனால் செல்வராணியே அவரைத் தோட்டத்துக்கு விரட்டியிருந்தாள்.

அவள் மூவருக்கும் மோர் கொடுத்தாள். பிறகு மார்க்கெட்டில் உட்காருவது போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க சார். பீஸு எம்புட்டு?"

காரில் வந்தவர் சிரித்தார். "டியூஷன் பீஸே கிடையாதும்மா. முதல் வருசம் ஃப்ரீ!"

பைக்கில் வந்த இருவரில் ஒருவர் விடவில்லை. "எங்க காலேஜுலயும் ஃப்ரீதான். கூட ஒரு பேக், தண்ணி பாட்டில்."

"சரி, வேற என்ன கட்டணும்?"

அதன்பிறகுதான் மூன்று புத்தகத்திலும் கடைசிப் பக்கம் திறந்தது. பஸ் பீஸ், லேப் பீஸ், எக்ஸாம் பீஸ், யூனிஃபார்ம், நூலகம், விளையாட்டு, கட்டட வளர்ச்சி நிதி...

"கட்டடந்தான் அட்டையில முழுசா நிக்குதே சார். இன்னும் எதுக்கு வளர்ச்சி நிதி?" என்று செல்வராணி கேட்டாள்.

காரில் வந்தவர் மோரைக் குடித்துவிட்டு யோசித்தார். "அது... வளந்துக்கிட்டே இருக்கும்மா."

கௌசி துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கே நின்று இருவரும் சிரித்த சிரிப்பில் தட்டு ஒன்று கீழே விழுந்தது.

அந்த மூவரில் ஒருவர் மட்டும் அதிகம் பேசவில்லை. ஜாகிர். திண்டுக்கல் டவுன்காரர். அவருடைய அத்தா தோல் வியாபாரம் செய்தவர்; மகனை வணிகவியலில் டாக்டர் பட்டம் வரை படிக்க வைத்திருந்தார். ஒரு தனியார் கல்லூரியில் — பெயர் வேண்டாமே — உதவிப் பேராசிரியர். மற்ற இருவரும் போனபின், "மேடம், செத்த நேரம் நிழல்ல நின்னுட்டுப் போறேன்" என்று டையைத் தளர்த்தினார்.

"ஏன் சார் இந்தப் பாடு? நீங்க பாடம் நடத்துறவர்தானே?" என்று கேட்டேன்.

"லீவுல நாங்க புள்ள பிடிக்கிறவங்க மேடம்" என்று சிரித்தார். ஒவ்வொரு ஆசிரியரும் இத்தனை பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்று கணக்காம். சேர்க்காதவருக்கு ஜூன் மாதச் சம்பளம் நிறுத்தி வைக்கப்படும். அவருக்கு இன்னும் ஒரே ஒரு ஆள்தான் குறைகிறது. "காலேஜையும் தப்புச் சொல்ல முடியாது மேடம். அவங்கள மாதிரி ஃப்ரீன்னு சொல்ல எங்களால ஆகாது. எங்களுக்கு அரசுப் பணம் எதுவும் வராது. புள்ளைங்க கட்டுறதுலதான் சம்பளம், கரண்ட், பேங்க் வட்டி எல்லாம். யுனிவர்சிட்டியிலயும் பணக் கஷ்டம். அங்கீகாரக் கட்டணம், ஆய்வுக் கட்டணம்னு அவங்க எங்ககிட்டத்தான் வாங்கியாகணும்."

எனக்குப் படம் தெளிவாகத் தெரிந்தது. பல்கலைக்கழகம் கல்லூரியைப் பார்க்கும். கல்லூரி அப்பாவைப் பார்க்கும். அப்பா அடகுக் கடையைப் பார்ப்பார். அடகுக் கடைக்காரர் அம்மாவின் கழுத்தைப் பார்ப்பார். உயர்கல்வி என்பது உயரத்திலிருந்து ஆரம்பித்து ஒரு கழுத்தில் வந்து முடிகிறது!

ஜூன் மாதம் ஒரு மத்தியானம் கௌசி போன் செய்தாள். ஒரே சத்தம். அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே புரியவில்லை. "பெரியம்மா... சீட்டு! கவர்மெண்ட் காலேஜு! மேத்ஸு!"

திண்டுக்கல் அரசு மகளிர் கல்லூரியில் கணிதம். பீஸ் எவ்வளவு என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் வைத்து பிளவுஸ் தைக்கிற செலவுகூட இல்லை. அதோடு அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு அரசு மாதாமாதம் தரும் ஆயிரம் ரூபாய் வேறு. நான் ஆட்டோக்காரரிடம் சொன்னேன், காய்கறிக்காரரிடம் சொன்னேன், தவறான நம்பருக்குப் போன் செய்த ஒருவரிடமும் சொன்னேன். "சந்தோஷம்மா" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை செல்வராணி வீட்டில் விருந்து. நாட்டுக்கோழிக் குழம்பு, பருப்பு, தொட்டுக்கொள்ள மூன்று வெஞ்சனம், பாயசம். நாங்கள் கை கழுவும் நேரத்தில் வாசலில் ஒரு பைக் நின்றது. ஜாகிர்.

"சார், சீட்டு கெடைச்சிருச்சு சார்!" என்று கௌசி கத்தினாள். கத்திய பிறகுதான், அது அவருக்கு நல்ல செய்தி இல்லையே என்று அவளுக்கு உறைத்தது போல. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் முகம் ஒரு கணம் வாடியது. நான் பார்த்தேன். அடுத்த கணம் நிஜமாகவே மலர்ந்தது. "மாஷா அல்லாஹ்! அங்கேயே சேரும்மா. வேற எதையும் யோசிக்காத. என் தங்கச்சியா இருந்தாலும் இதத்தான் சொல்லுவேன்" என்றார்.

செல்வராணி அவரை உட்கார வைத்தாள். "கோழி நாங்களே அறுத்தது சார், உங்களுக்கு ஆகாது. பாயசம் குடிங்க."

அவர் குடித்தார். அந்த ஒரு ஆள் கிடைத்துவிட்டதா என்று நான்தான் கேட்டேன். இல்லையென்று தலையை ஆட்டினார். நாளையோடு கெடு முடிகிறதாம்.

செல்வராணி கரண்டியைப் பாயசப் பாத்திரத்தில் வைத்தாள்.

"சார், உங்க காலேஜுல வயசு வரம்பு உண்டா?"

"யாருக்கும்மா? சொந்தத்துல யாராவது இருக்காங்களா? பிளஸ் டூ பாஸா?"

"பாஸுதான். இருபது வருசம் ஆகப் போகுது."

"இருபது...? யாரு?"

"நாந்தான்."

ஜாகிருக்குப் புரையேறியது. பாயசத்தில் கிடந்த முந்திரி மூக்குக்குப் போய்விட்டது என்று நினைக்கிறேன். நான் அவர் தலையில் தட்டினேன். கௌசி "அம்மா!" என்றாள். பிறகு இன்னொரு முறை, வேறு மாதிரி, "அம்மா...!" என்றாள்.

"என்னத்துக்கு எல்லாரும் அம்மா அம்மான்னு கத்துறீங்க?" என்று செல்வராணி அதட்டினாள். "பிளஸ் டூ ரிசல்ட் வந்த மாசமே கல்யாணம். காமர்ஸுல ஸ்கூல் பர்ஸ்ட்டுக்கா நானு. உனக்குத் தெரியுமில்ல? கமிஷன் கடைக்காரன் கணக்குப் போட்டுக் காசு குடுக்குறப்ப எல்லாம், இத நான் இன்னும் நல்லாப் போடுவேன்னு தோணும். இம்புட்டு நாளும் கௌசிக்குச் சேத்து வச்ச காசு இருக்கு. அவளுக்குத்தான் அது தேவைப்படலையே இப்ப?"

எல்லோரும் முத்தையாவைப் பார்த்தோம்.

நல்ல மனிதர்தான். ஆனால் ஊர் இருக்கிறதே! கல்யாண வயதில் மகளை வைத்துக்கொண்டு பொண்டாட்டியைக் காலேஜுக்கு அனுப்புகிறான் என்று டீக்கடையில் பேசினால் இந்த மனிதர் தாங்குவாரா?

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுறது?"

"நீங்கதான்" என்றாள் செல்வராணி.

"மத்தியானச் சோறு?"

"வடிச்சு வச்சுட்டுப் போவேன். போட்டுத் திங்கணும்."

"அம்புட்டுத்தானே?" என்றார் முத்தையா. பிறகு ஜாகிரைப் பார்த்து, "பஸ்ஸு இங்க எத்தன மணிக்கு வரும் சார்?"

கௌசி குதித்த குதியில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நான் அழுதேனா? ஆமாம். இரண்டாவது டம்ளர் பாயசத்தோடு அழுதேன்.

மறுநாள் செல்வராணியோடு நானும் ஜாகிரின் கல்லூரிக்குப் போனேன். பிளஸ் டூ மார்க் ஷீட் பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்தது, புடவையைவிட நல்ல நிலைமையில். முதல்வர் யார் யாருக்கோ போன் செய்து, வயது தடையில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். கடைசியாகத் தாளாளர் அறை.

தாளாளரைப் பெரிய வில்லனாக நான் கற்பனை செய்திருந்தேன். அவரோ வேடசந்தூர்ப் பக்கம் ஒரு வெங்காய விவசாயியின் மகன். மேஜையில் பேங்க் கடிதங்கள். எதிரே சுவரில் கல்லூரியின் பெரிய போட்டோ.

"ஊருல எல்லாரும் நான் காலேஜக் கட்டுனேன்னு நினைக்கிறாங்கம்மா. காலேஜுதான் என்னையக் கட்டிப் போட்டுருக்கு" என்றார்.

செல்வராணி பேரத்தை ஆரம்பித்தாள். எனக்கு ஒட்டன்சத்திரத்தில் நிற்பது போலவே இருந்தது. டியூஷன் பீஸில் பாதி தருவாளாம். பஸ்ஸுக்கு முழுசாகத் தருவாளாம். எல்லாமே தவணையில், காய் விற்கும்போது. அரசு தரும் அந்த ஆயிரம் ரூபாய் தனக்கும் வருமா என்று வேறு கேட்டுப் பார்த்தாள். "அதை என்கிட்டக் கேக்காதீங்க, எனக்கே யாராச்சும் குடுத்தாத் தேவலை" என்றார் அவர்.

"இந்த வளர்ச்சி நிதி வேணாம் சார். எனக்கு இதுக்கு மேல வளர்ச்சி இல்ல."

தாளாளர் சிரித்துவிட்டார். அதோடு அவர் தோற்றார். காலியாகப் போக இருந்த ஒரு இடத்துக்குப் பாதிப் பணமாவது வருகிறதே! வெளியே வராந்தாவில் நின்ற ஜாகிருக்கு நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவர் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

இத்தோடு சுபம் போட்டிருக்கலாம். ஆனால் கல்லூரி திறந்து சில வாரத்தில் செல்வராணி போன் செய்தாள். குரல் சரியில்லை.

அவள் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் பெண் தமிழரசி. ரெட்டியார்சத்திரத்தில் பஸ் ஏறுகிறவள். செல்வராணியை முதல் நாளே 'அத்தை' என்று கூப்பிட்டு, மறுநாள் அவளுக்கு மொபைலில் பாடங்களை இறக்கிக் கொடுத்தவள். திடீரென்று கல்லூரிக்கு வரவில்லை. போன் செய்து கேட்டால் அழுகிறாள். மொத்தப் பீஸையும் ஒரே தடவையில் கட்டச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் வழியில்லை. அம்மா வேலை பார்க்கும் நூல் மில்லுக்கே இவளையும் கூப்பிடுகிறார்களாம். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும்.

"அக்கா, நாளைக்கு நீ வா. நீ ஒண்ணும் பேச வேணாம். பேப்பர்ல எழுதுறவன்னு சும்மா பக்கத்துல உக்காரு. அது போதும்."

என் எழுத்துப் பணிக்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதை இது. போய் உட்கார்ந்தேன்.

தாளாளர் இந்தமுறை சிரிக்கவில்லை. "உங்க ஒருத்தருக்குக் குறைச்சேன். எல்லாருக்கும் குறைச்சா வாத்தியாருக்குச் சம்பளம் யாரு குடுக்குறது? பேங்க்காரன் என் வீட்டு வாசல்ல வந்து நிப்பான்மா."

"குறைக்கச் சொல்லல சார். பிரிச்சு வாங்குங்கன்னுதான் சொல்றேன்" என்றாள் செல்வராணி. "அந்தப் புள்ள மில்லுக்குப் போயிட்டா உங்களுக்கு மூணு வருசக் காசும் போச்சு. பெஞ்சு மட்டும்தான் மிஞ்சும். அது அழுகுது சார், போன்ல. எங்கூட உக்காந்த புள்ள. நான் இந்த வயசுல வந்து படிக்கிறேன், அது அந்த வயசுல விட்டுட்டுப் போகுது. எனக்குப் பாடம் மண்டையில ஏறுமா?"

தாளாளர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "எங்கப்பாவும் வெங்காயம் வித்தாத்தான் எனக்குப் பீஸ் கட்டுவாரு. நான் படிச்ச காலேஜுல கிளார்க்கு ஒருத்தரு 'வரட்டும், வரட்டும்'னு பொறுத்துக்குவாரு" என்றார் மெதுவாக. பிறகு அக்கவுண்ட்ஸ் பெண்ணைக் கூப்பிட்டார்.

இப்போது அந்தக் கல்லூரியில் யார் கேட்டாலும் மாதத் தவணை உண்டு. தாமதமானால் அபராதம் இல்லை. கல்லூரி மூழ்கிவிட்டதா? இல்லை. இன்னும் இரண்டு பெண்கள், படிப்பிலிருந்து நிற்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், நிற்கவில்லை. தாளாளருக்கு லாபமா நஷ்டமா என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியாது. அதற்கு பி.காம். படிக்க வேண்டும். வளர்ச்சி நிதியை மட்டும் மற்றவர்களுக்கு அவர் விடவில்லை. அது வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

தமிழரசி திங்கட்கிழமை காலை காலேஜ் பஸ்ஸில் ஏறினாள், மில் பஸ்ஸில் அல்ல. செல்வராணி இடம் போட்டு வைத்திருந்தாளாம். வழி முழுக்க இரண்டு பேரும் பேசிய பேச்சில் டிரைவர் பாட்டையே நிறுத்திவிட்டாராம்.

போன சனிக்கிழமை முதலாமாண்டு மாணவிகளுக்குப் பெற்றோர் கூட்டம். செல்வராணிக்கு யார் வருவது? முத்தையா மாட்டைக் காரணம் காட்டித் தப்பித்தார். அதனால் கௌசி போனாள், தன் கல்லூரி ஐடி கார்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மிகவும் பொறுப்பான முகத்தோடு. நானும் ஒட்டிக்கொண்டேன். இப்படி ஒரு காட்சியை நான் விடுவேனா?

கையெழுத்துப் போடும் இடத்தில் 'உறவுமுறை' என்று கேட்டிருந்தது. கௌசி எதையும் யோசிக்காமல் 'மகள்' என்று எழுதினாள். பக்கத்தில் நின்ற ஒரு அப்பா இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

வகுப்பாசிரியர் வேறு யாருமில்லை, ஜாகிர்தான். பெஞ்சுக்குப் பின்னால் செல்வராணி கையைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றாள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டையே வாயால் அடக்குகிறவள்!

"மார்க் நல்லா இருக்கும்மா. அக்கவுண்டன்ஸியில வகுப்புலயே இவங்கதான் முதல்" என்றார் ஜாகிர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ஆனா ஒரு கம்ப்ளெய்ண்ட். கிளாஸுல பக்கத்துல இருக்குற புள்ளைங்களோட ரொம்பப் பேசுறாங்க."

கௌசி திரும்பித் தன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஆசிரியரிடம் சொன்னாள்: "வீட்லயும் இப்படித்தான் சார். நான் கண்டிச்சு வைக்கிறேன்."

கண்டித்தாள். வெளியே வந்ததும் அம்மாவுக்கு ஒரு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்துவிட்டுக் கண்டித்தாள்.